வீட்டுக் கணினியில் இணையம் நின்றுவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருக் கம்பத்திலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு ஃபைபர் வயர் வீட்டுக்குள் வந்து, சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியிலிருந்து வைஃபை வழியாகவோ லேன் கேபிள் வழியாகவோ விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள ஒரு கணினிக்கு இணையம் போகிறது. இன்று நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும் இந்த அமைப்பை மனத்தில் வைத்தே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டு வரும் கேள்விகள் இவை. பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல், மறுநாள் விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளாக இருக்கும்போதுதான் கேட்பார்கள். அந்த நேரத்துப் பதற்றத்தை நான் அறிவேன். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் திரையில் தோன்றும் சொற்களையும் ஒலிக்கும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

கேள்வி: இணையம் போய்விட்டது. முதலில் எதைத் தொட வேண்டும்?

எதையும் தொட வேண்டாம். முதலில் கைபேசியை எடுத்து, அதன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்து ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் மேற்கொண்டு செய்ய வேண்டிய வேலையில் பாதியை இது குறைத்துவிடும். கைபேசியிலும் வரவில்லை என்றால் பழுது பெட்டியிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. கணினியின் செட்டிங்ஸை மாற்றுவதில் பயனே இல்லை. கைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால், இப்போதைக்குப் பெட்டியைத் தொட வேண்டாம்.

மொபைல் டேட்டாவை நிறுத்தாமல் சோதிப்பவர்களே அதிகம். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டால் பல கைபேசிகள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். அப்போது வீட்டு இணைப்பு சரியாக இருப்பதாக எண்ணி, நல்ல நிலையில் உள்ள கணினியை இரண்டு மணி நேரம் குடைந்துகொண்டிருப்போம்.

நிறுவனத்திலிருந்து வீடு வரை, வீட்டிலுள்ள பெட்டி, பெட்டியிலிருந்து கணினி வரை, கணினிக்கு உள்ளே என்று இணையம் வரும் வழியை நான்கு துண்டுகளாகப் பாருங்கள். எந்தத் துண்டில் அறுந்திருக்கிறது என்று தெரிவதற்கு முன் எதையாவது மாற்றினால், இருந்த ஒரு பழுது இரண்டாகிவிடும்.

கேள்வி: பெட்டியில் பல விளக்குகள் எரிகின்றன. அவற்றை எப்படிப் படிப்பது?

அந்தப் பெட்டியை ஓஎன்டி என்பார்கள். ஃபைபரில் வரும் ஒளியை மின் சைகையாக மாற்றுவது அதன் வேலை. பெரும்பாலான வீடுகளில், அந்த இணைப்பை வைஃபையாகப் பல கருவிகளுக்கும் பகிர்ந்து தரும் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். விளக்குகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், நாம் கவனிக்க வேண்டியவை நான்குதான்.

பவர் விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரமே வரவில்லை. அடாப்டரையும் பிளக்கையும் சுவிட்சையும் பாருங்கள். பான் என்று எழுதியிருக்கும் விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால், உங்கள் பெட்டியும் நிறுவனத்தின் கருவியும் ஒன்றையொன்று அறிந்துகொண்டுவிட்டன என்று பொருள். அது விட்டுவிட்டு எரிந்தால், இன்னும் பதிவு செய்ய முயன்றுகொண்டிருக்கிறது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சாதாரணமாக எரியவே கூடாது. அது சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை. நான்காவது, இன்டர்நெட் என்ற விளக்கு. பான் பச்சையாக இருந்து இது மட்டும் அணைந்தோ சிவப்பாகவோ இருந்தால், கம்பி நன்றாக இருக்கிறது, கணக்குதான் உள்ளே நுழைய முடியவில்லை. கட்டணம் நிலுவையில் இருக்கலாம், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பெட்டியிலிருந்து அழிந்திருக்கலாம், அல்லது நிறுவனத்தின் பக்கம் கோளாறு இருக்கலாம்.

இணையம் நன்றாக வரும் ஒரு நாளில் அந்தப் பெட்டியைக் கைபேசியில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் எந்த விளக்கு எப்படி எரியும் என்பது தெரிந்திருந்தால்தான் பழுதான நாளில் ஒப்பிட முடியும். என் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவரிடம் தொலைபேசியில், “அத்தை, மூணாவது லைட் என்ன கலர்ல இருக்கு, பாருங்க” என்று கேட்டால், பெட்டியின் அருகே ஒட்டி வைத்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, “படத்துல பச்சையா இருக்குப்பா, இங்க சிவப்பா வெட்டுது” என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்.

கேள்வி: எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது. வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

ஓரளவு முடியும். ஃபைபர் என்பது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. செம்புக் கம்பியைப் போல அதை மடக்க முடியாது. கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி இழையை விட்டு வெளியே கசிந்துவிடும். இழை முறியாமலேயே, வளைவினால் மட்டும் இணைப்பு நின்றுபோவதுண்டு.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒட்டடை அடித்து, தரை கழுவி, மேசையை மீண்டும் சுவரோடு சேர்த்துத் தள்ளினோம். அன்று மாலை இணையம் இல்லை; சிவப்பு விளக்கு. தெருவில் எல்லோருக்கும் போய்விட்டது என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டில் கேட்டால் அங்கே வருகிறது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மேசையின் பின்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஃபைபர் வயர் சப்பையாக மாட்டியிருந்தது. மேசையை இரண்டு விரற்கடை முன்னால் இழுத்ததும் வயர் மெதுவாக நிமிர்ந்தது. ஒரு நிமிடத்துக்குள் எல்ஓஎஸ் அணைந்து பான் பச்சையானது. அன்று புகார் கொடுத்துக் காத்திருந்தால், ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்துதான் ஆள் வந்திருப்பார்.

ஆகவே வயரைச் சுவரில் நுழையும் இடத்திலிருந்து பெட்டி வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். கதவிடுக்கிலோ பீரோவின் அடியிலோ நசுங்கியிருக்கிறதா, ஆணியில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா, எலி கடித்த தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மிஞ்சிய வயரைச் சுருட்டி வைப்பதானால், தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டுங்கள். பெட்டியின் அடியில் பச்சை நிற முனை இருக்கும். அது தளர்ந்திருந்தால் நேராக உள்ளே அழுத்துங்கள், லேசாகக் கிளிக் என்று உட்காரும். பச்சை முனையின் நுனி எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீல முனை அப்படியல்ல. இரண்டையும் கலந்து பொருத்தினால் சிக்னல் பலவீனமாகும்.

முனையைக் கழற்ற நேர்ந்தால் அதன் நுனியை விரலால் தொடவோ வாயால் ஊதவோ துணியால் துடைக்கவோ கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிகூட ஒளியை மறைக்கப் போதும். நுனியை நேராகக் கண்ணில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வருவது 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமைகூடத் தானாக மூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நான் மறுபடி மறுபடி சொல்வதுண்டு.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு மாறவில்லை என்றால், வெளியே அறுந்திருக்கிறது. தென்னை மட்டை விழுந்திருக்கலாம், வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், சாலை தோண்டும் இயந்திரம் வெட்டியிருக்கலாம். இழையை மீண்டும் இணைப்பது தனிக் கருவியால் உருக்கி ஒட்டும் வேலை. இன்சுலேஷன் டேப் சுற்றிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பல நேரங்களில் உண்மைதான். அந்தப் பெட்டியும் ஒரு சிறு கணினி. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும்போது அதன் நினைவகம் நிரம்பித் திணறுவதுண்டு. நிறுவனத்தின் சர்வரோடு வைத்திருந்த இணைப்பு பாதியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அணைத்துப் போடும்போது இரண்டும் புதிதாகத் தொடங்குகின்றன.

ஆனால் அணைத்த கையோடு போட்டுவிடக் கூடாது. சுவிட்சை அணைத்து, முப்பது விநாடிகளாவது காத்திருந்து, பிறகு போடுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியவும், மறுமுனையில் உள்ள சர்வர் பழைய இணைப்பைக் கைவிடவும் அந்த அவகாசம் உதவும். ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால், முதலில் ஓஎன்டியைப் போட்டு, பான் விளக்கு அசையாமல் எரியும் வரை பொறுத்திருந்து, அதன்பின் ரவுட்டரைப் போடுங்கள். கடைசியாகக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸில் ஷட்டவுன் செய்து மீண்டும் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில், ஷட்டவுன் செய்யும்போது அமைப்பின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுவதும் புதிதாகத் தொடங்கும்.

எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கும்போது மட்டும் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. வெளியே ஒளி அறுந்திருக்கும்போது பெட்டி என்ன செய்யும்?

கேள்வி: பின்பக்கம் ஒரு சிறு துளையில் ரீசெட் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தலாமா?

தயவுசெய்து அழுத்த வேண்டாம். ஊசியால் குத்தி ஐந்து அல்லது பத்து விநாடிகள் பிடித்தால், அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அழிவதோடு, நிறுவனம் அதில் பதிந்து வைத்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும்கூட அழியக்கூடும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு என்ற வேறுபாடு தெரியாமல், பத்து நிமிடத்தில் தானே சரியாகியிருக்கக்கூடிய இணைப்பை இரண்டு நாள் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபையின் ஆரம்பப் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அதைக் கொண்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள். சில நிறுவனங்களின் பெட்டிகள் தமக்குரிய விவரங்களைத் தாமே தொலைவிலிருந்து பெற்றுக்கொள்ளும். அப்படி வராவிட்டால் நிறுவனத்தை அழைத்து, ரீசெட் ஆகிவிட்டது என்ற உண்மையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால் அவர்கள் கம்பியைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: கைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை. எங்கே தொடங்குவது?

எளிய காரணங்களில் தொடங்குங்கள். மடிக்கணினியின் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசை ஒன்று இருக்கும். தெரியாமல் அது அழுந்தினால் வைஃபை முழுவதும் அணைந்துவிடும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் விமானக் குறி தெரிந்தால் காரணம் அதுதான். அடுத்து, கணினி இணைந்திருப்பது உங்கள் வீட்டு வைஃபைதானா என்று பாருங்கள். முன்பு ஒருமுறை இணைத்த பக்கத்து வீட்டு வைஃபையிலோ, யாரோ போட்டுவிட்டுப் போன ஹாட்ஸ்பாட்டிலோ அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வைஃபை கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், கணினியில் அந்தப் பெயரின்மேல் வலது கிளிக் செய்து ஃபர்கெட் கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

கேள்வி: வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் ‘நோ இன்டர்நெட்’ என்று காட்டுகிறது. இதற்கு என்ன பொருள்?

கணினிக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்பு இருக்கிறது. அதற்கு அப்பால் போக முடியவில்லை என்பது பொருள். விண்டோஸ் இதை எப்படி முடிவு செய்கிறது என்றால், மைக்ரோசாஃப்ட் சர்வரில் உள்ள ஒரு மிகச் சிறிய உரைக் கோப்பை அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறது. அது வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. இதனால் சில சமயம், குறிப்பாக விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வசதி) பயன்படுத்தும்போது, இணையம் வந்துகொண்டிருந்தாலும் இல்லை என்றே காட்டும். குறியை மட்டும் நம்பாமல் ஒரு தளத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

உண்மையாகவே வரவில்லை என்றால், அடுத்து ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் உங்கள் கணினியை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி எண்டர் கொடுத்தால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக், அதாவது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி எண்டர் கொடுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் 192.168.1.5 போன்ற ஓர் எண் இருந்தால், பெட்டி உங்கள் கணினிக்கு முகவரி கொடுத்திருக்கிறது. அந்த எண் 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை; கணினி கேட்டு, பதில் வராமல், தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது அதே திரையில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் (/) ரிலீஸ் என்று சேர்த்து எண்டர் கொடுங்கள். அது முடிந்ததும் ரிலீஸுக்குப் பதிலாக ரினியூ என்று போட்டு மறுபடியும் கொடுங்கள். கணினி புதிதாக முகவரி கேட்கும். அதற்கும் வரவில்லை என்றால் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கேள்வி: பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறதாமே, அதை எப்படிப் பயன்படுத்துவது?

எந்தத் துண்டில் அறுந்திருக்கிறது என்று காட்டுவதற்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்பதைப் போன்றதுதான் பிங். மூன்று கற்களை ஒன்றைவிட ஒன்று தொலைவாகப் போட வேண்டும்.

முதல் கல் வீட்டுப் பெட்டிக்கு. ஐபிகான்ஃபிக் காட்டிய விவரத்தில் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்தான் பெட்டியின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைத் தட்டி எண்டர் கொடுங்கள். ரிப்ளை ஃபிரம் என்று நான்கு வரிகள் வந்தால் கணினியிலிருந்து பெட்டி வரை வழி சரி. ரிக்வஸ்ட் டைம்டு அவுட் என்றோ, ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்றோ வந்தால் பழுது வீட்டுக்குள்ளேயே, வைஃபையிலோ கேபிளிலோ இருக்கிறது.

இரண்டாவது கல் வெளியுலகுக்கு. பிங் 8.8.8.8 என்று கொடுங்கள். இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி. பெட்டி பதில் சொல்லி இது மட்டும் சொல்லவில்லை என்றால், பெட்டிக்கு அப்பால் அறுந்திருக்கிறது.

மூன்றாவது கல், எண்ணுக்குப் பதிலாகப் பெயர். பிங் கொடுத்து, கூகுள் டாட் காம் என்ற பெயரைத் தட்டுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட் என்று வந்தால், இணையம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டுமே வேலை செய்யவில்லை. இந்த நிலையில்தான் பலர் இணையமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிஎன்எஸ் பழுதுக்கு முதல் மருந்து, ஐபிகான்ஃபிக் கட்டளையுடன் இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று சேர்த்துக் கொடுப்பது. கணினி நினைவில் வைத்திருந்த பழைய விவரங்கள் அழிந்து, புதிதாகக் கேட்கும். அதிலும் சரியாகாவிட்டால், செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்பின் விவரங்களில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்பதை மேனுவல் ஆக்கி, ஐபிவி4 பகுதியில் 8.8.8.8 என்றும் மாற்றாக 1.1.1.1 என்றும் எழுதுங்கள். பின்னது கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2018 ஏப்ரலில் தொடங்கிய பொதுச் சேவை. விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றில் இந்தப் பெயர் ஐபி செட்டிங்ஸ் என்று இருக்கும். அங்கே சப்நெட் உள்ளிட்ட வேறு எண்களையும் கேட்டால், பழகிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சில சர்வர்கள் பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. ஆகவே ஒரே ஒரு முகவரி மௌனமாக இருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: சில தளங்கள் வருகின்றன, சில வரவில்லை. ஏன்?

முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2015-ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் எதையும் அது ஏற்காது. ‘யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று மறித்துவிடும். பழைய மேசைக்கணினிகளில் மின்சாரத்தை முழுவதும் அணைத்துப் போடும்போதெல்லாம் நேரம் பின்னால் போனால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. பொதுவாக அது 2032 என்ற எண் கொண்ட 3 வோல்ட் பேட்டரி. சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும்.

நேரம் சரியாக இருந்தும் ஒரே ஒரு தளம் மட்டும் வரவில்லை என்றால், குறை அந்தத் தளத்திலேயே இருக்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நிறுவனத்தின் பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறால், அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து அழிந்துபோனது. அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, வீட்டு இணையம் போய்விட்டது என்றுதான். வேறு தளங்களையும் திறந்து பார்க்கச் சொன்னபோது அவை வந்தன.

கேள்வி: லேன் கேபிள் போட்டிருக்கிறேன். அதிலும் பழுது வருமா?

வரும், அதுவும் முனையில்தான் அதிகம். முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் கேபிள் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். ஆனால் மேசை அசையும்போதெல்லாம் விட்டுவிடும். கேபிளைச் செருகும் இடத்தில் சிறு விளக்குகள் இருக்கும். இரு முனைகளிலும் எரியவில்லை என்றால் கேபிளையோ துளையையோ மாற்றிப் பாருங்கள்.

ஒரு கேபிளுக்குள் நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஒரு கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் கணினியில் 95-ஐத் தாண்டவே இல்லை என்றால், உள்ளே ஒரு கம்பி விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கூடத்தில் வருகிறது, உள் அறையில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது. என்ன செய்யலாம்?

பெட்டி இருக்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, மீன்தொட்டிக்கு அருகிலோ, தொலைக்காட்சியின் முதுகிலோ வைத்தால் அலை தடைபடும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் கோடையில் சூடேறி, பெட்டி தானாக அணைந்து எழவும் கூடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பது நல்லது. பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால், தொலைவான அறைக்கு முன்னதும் அருகிலுள்ள கணினிக்குப் பின்னதும் ஏற்றவை. 2.4-இல் சுவரைத் தாண்டும் திறன் அதிகம்; ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. சமைக்கும் நேரத்தில் மட்டும் இணையம் அறுந்தால் அந்த அடுப்பைச் சந்தேகிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வைஃபைகளின் நெரிசல் இருந்தால், பெட்டியின் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

கேள்வி: விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து வைஃபை பெயர்களே தெரியவில்லை.

வைஃபை கருவியை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர் என்ற மென்பொருள் குலைந்திருக்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். வைஃபை கருவியின்மேல் மஞ்சள் குறி இருந்தால், அதன் ப்ராப்பர்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போய் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் பெரும்பாலும் தானே மீண்டும் நிறுவிக்கொள்ளும். அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரை அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டாம். இணையம் இல்லாத கணினியில் டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

எதுவும் உதவாவிட்டால் நெட்வொர்க் ரீசெட் என்ற வழி செட்டிங்ஸில் உண்டு. விண்டோஸ் 11-இல் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் பகுதிக்குள் இருக்கும். இது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் விபிஎன் அமைப்புகளையும் அழித்துவிடும். ஆகவே கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைரஸ் தடுப்பு மென்பொருள் இணையத்தை நிறுத்துமா?

நிறுத்தும். விபிஎன் செயலிகளும் அப்படித்தான்; அவற்றில் உள்ள கில் ஸ்விட்ச், விபிஎன் அறுந்தால் இணையம் முழுவதையும் அடைத்துவிடும். பிரவுசர் எதையும் திறக்காமல் பிங் மட்டும் நன்றாக வந்தால், செட்டிங்ஸில் ப்ராக்ஸி (பிரவுசரின் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும் இடைச் சர்வர்) பகுதியைப் பாருங்கள். நீங்கள் வைக்காத ப்ராக்ஸி முகவரி அங்கே இருந்தால் அதை அணைத்துவிட்டு, கணினியை முழுமையாக ஸ்கேன் செய்யுங்கள். தீய மென்பொருள் விட்டுச் சென்ற தடமாக இருக்கலாம்.

கேள்வி: மின்வெட்டும் இடியும் வரும் நாட்களில் என்ன கவனிக்க வேண்டும்?

மின்சாரம் போனாலும் ஃபைபரில் ஒளி வந்துகொண்டிருக்கும். பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் போதும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கினால் பல மணி நேரம் ஓடும். வாங்குவதற்கு முன் அடாப்டரில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள்; வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இடி நேரத்தில் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் வெளியே இழுக்கும் ஃபைபர் வயரில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி சேர்ந்திருப்பதுண்டு. அடாப்டரும் லேன் கேபிளும் செம்பு. இடி தொடங்கும்போதே அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

கேள்வி: விண்ணப்பத்தை இப்போதே அனுப்பியாக வேண்டும். உடனடி வழி என்ன?

கைபேசியைச் சார்ஜர் வயரால் கணினியில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் இதற்கு கணினியின் வைஃபை கருவிகூடத் தேவையில்லை. அதனால் டிரைவர் பழுதான கணினியிலும் வேலை செய்யும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான வயராக இருந்தால் டெதரிங் பொத்தானே தெளியாது. வேறு வயரைப் பயன்படுத்துங்கள். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் டேட்டாவைக் குடித்துவிடாமல் இருக்க, அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று குறித்துவிடுங்கள். முதலில் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, பழுதைப் பிறகு நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: நிறுவனத்திடம் எப்படிப் புகார் செய்ய வேண்டும்?

“நெட் வரலை” என்று மட்டும் சொன்னால், அணைத்துப் போடுங்கள் என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். “பான் விளக்கு அணைந்திருக்கிறது, எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது, மாலை ஆறு மணியிலிருந்து இப்படி, அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், வீட்டுக்குள் வயர் மடங்கவில்லை” என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தருவது அவர்கள் கடமை. தீர்வு கிடைக்காவிட்டால், ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறை சொல்கிறது. அவரிடம் போகவும் அந்த எண் வேண்டும். டிராய் அமைப்பு தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

நீங்கள் அழைக்காமலேயே, இணைப்பைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி யாராவது உங்களை அழைத்தால் எச்சரிக்கையாக இருங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ உடனே தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத் தேடலில் எடுக்காமல், பழைய ரசீதிலிருந்து எடுங்கள்.

கேள்வி: ஆள் வந்து சரிசெய்துவிட்டார். அவர் புறப்படுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

பெட்டியில் வந்து சேரும் ஒளியின் அளவைக் கேளுங்கள். அவர் கையிலுள்ள பவர் மீட்டரிலோ பெட்டியின் அமைப்புப் பக்கத்திலோ அது தெரியும். டிபிஎம் என்ற அளவில் கழித்தல் எண்ணாக இருக்கும். கழித்தல் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கழித்தல் 27-ஐ நெருங்கினால், இன்று பச்சை விளக்கு எரிந்தாலும் இணைப்பு விளிம்பில் நிற்கிறது, எங்கோ வளைவோ சரியில்லாத ஒட்டோ இருக்கிறது, கூடிய விரைவில் மறுபடி அறும். அவர் ஏணியோடு வாசலில் நிற்கும்போதே அதைச் சரிசெய்து தரும்படி கேளுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு பெட்டியின் மேல் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வருபவர் அதைப் பார்த்தே வேலையைத் தொடங்குவார்.